உழைத்த நேரத்தின் கணக்கு யாருடையது?

கூலிக்கு உழைப்பவரிடம் விற்பதற்கென இருப்பது ஒன்றே. அது அவரது நேரம். ஏனைய பண்டங்களை விற்பவர் அவற்றை அளந்து கொடுக்கிறார். வாங்குபவர் அவ்வளவைச் சரிபார்க்கிறார். பேசாலைக் கரையில் மீனை நிறுக்கும்பொழுது விற்பவரும் வாங்குபவரும் தராசை ஒருங்கே நோக்கி நிற்பர். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள மற்றவர் நிறை சொல்வதை அங்கு எவரும் வியாபாரம் என ஏற்பதில்லை. ஆயின் அக்கரையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மன்னார் நகரத்திலே, கடையொன்றில் வேலை செய்யும் பெண் மாதமுடிவில் தன் உழைப்பின் கணக்கைக் கேட்கும்பொழுது தராசு உள்ளறையில் இருக்கிறது. நிறை மட்டுமே அவளுக்குச் சொல்லப்படுகிறது.

வரவுப் புத்தகத்திற் கையெழுத்திட்ட காலம் மாறி, இன்று சிறு வியாபார நிலையங்களிலும் கைரேகைப் பதிவுப் பொறி வந்துவிட்டது. காலையில் விரலை வைக்க வேண்டும்; மாலையிலும் விரலை வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, காலை 7.55க்கு விரலை வைத்த ஒருவரின் பதிவு மாதமுடிவில் 8.10 எனக் காட்டுகிறது எனக் கொள்வோம். மாலை 6.25க்கு வெளியேறியவரின் பதிவு 6.00 என நிற்கிறது. ஏன் என்று வினவினால், “மெசின் அப்படித்தான் காட்டுது” என்பதே விடை. மாற்றியவர் யார், எப்பொழுது மாற்றினார், எக்காரணத்தால் மாற்றினார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையில்லை. இம்மூன்றுக்கும் விடையில்லாத பதிவு பதிவேயன்று. அது ஒருதலைப்பட்சமான கூற்று மாத்திரமே.

சில நிமிடங்கள்தானே எனச் சிலர் ஏளனஞ் செய்யலாம். நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் மறைகின்றன எனக் கொண்டால், மாதத்தில் 25 வேலைநாட்களுக்கு 6 மணி 15 நிமிடம் ஆகின்றது. ஆண்டொன்றுக்கு அது 75 மணி. அதாவது எட்டு மணிநேர வேலைநாட்கள் ஒன்பதுக்கு மேல். பத்துப் பேர் வேலைசெய்யும் கடையொன்றில் இவ்வாறு மறையும் நேரம் 750 மணியாகும். ஒரு தொழிலாளி மூன்றரை மாதத்துக்கு மேல் கூலியின்றி உழைத்ததற்கு அது ஒப்பாகும். பணப்பெட்டியிலிருந்து இவ்வளவு தொகை குறைந்திருப்பின் அதனை எவரும் “சில சதங்கள்” எனக் கூறிக் கைவிடமாட்டார்.

மூன்று குவியல்கள்

இவ்விடயத்தில் மன்னார்க் கரை மறந்துவிட்ட பாடமொன்று உண்டு. மன்னார்த் தீவுக்குத் தெற்கே, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களை ஒட்டிய கடலில் நடைபெற்ற முத்துக்குளிப்பு உலகப் பிரசித்தமானது. 1905ஆம் ஆண்டில் மாத்திரம் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. தமிழகக் கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த குளியாட்கள் மூச்சடக்கி எடுத்த அச்சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கை ஆங்கில அரசு எடுத்துக்கொண்டது. குளித்தவர்களுக்கு மூன்றில் ஒன்று கிடைத்தது. இப்பங்கீடு நியாயமானதா எனின், இல்லை என்பதே விடை. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு பங்கும் கரையில் நின்றவனுக்கு இரு பங்கும் என்பது குடியேற்றவாதச் சுரண்டலே.

ஆயினும் பங்கு பிரிக்கப்பட்ட முறை கவனத்துக்குரியது. கரையிலிருந்த கொட்டுக்கு வந்ததும் குளியாட்களே தமது சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரித்து வைப்பர். அதன்பின் அரச உத்தியோகத்தர் வந்து, அரசுக்குரிய இரு குவியல்கள் எவை எனத் தெரிவு செய்வார். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், 1906இல் மரிச்சுக்கட்டியிற் கடமையாற்றியபொழுது இத்தெரிவைச் செய்தவர்களுள் ஒருவர். பிரிப்பவர் ஒருவர், தெரிபவர் மற்றவர் என்பதே அம்முறையின் சாரம். எக்குவியல் தன்னிடம் எஞ்சும் எனப் பிரிப்பவருக்குத் தெரியாது. ஆதலின் கூட்டியோ குறைத்தோ வைப்பதால் அவருக்குப் பயனில்லை. தெரிபவருக்குக் குவியலின் அளவை மாற்றும் அதிகாரமில்லை. ஒருவரையொருவர் நம்பாத இரு தரப்பினரிடையே, நம்பிக்கையை வேண்டாத நேர்மையொன்றை அம்முறை உண்டாக்கியது.

அந்நிய அரசொன்று தன் அடிமை நாட்டுக் குளியாளுக்கு வழங்கிய இக்குறைந்தபட்ச மரியாதை, சுதந்திர நாட்டிலே சட்டத்தின் பாதுகாப்புக்குட்பட்ட கடைச் சிப்பந்திக்குக் கிடைக்கவில்லை. இங்கு பிரிப்பவரும் தெரிபவரும் ஒருவரே. போதாக்குறைக்கு, தெரிவு முடிந்தபின் குவியலை மாற்றும் உரிமையும் அவரிடமே உள்ளது.

பேர் போட்ட கைகள்

இதே கரை வேறொரு கணக்கின் வாயிலாகவும் விளங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி வந்த தொழிலாளர் மன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, வடபாதை வழியே காடுகளைக் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியதும் தலைமன்னார் இறங்குதுறையே அவர்களுடைய நுழைவாயிலாயிற்று. அவ்வாயிலைக் கடந்து மலைநாட்டை அடைந்தவர்களின் வாழ்வை நிர்ணயித்தது செக்ரோல் எனப்பட்ட வரவேடு. அதில் ஒரு நாள் உழைப்புக்கு ஒரு “பேர்”. எடுத்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் “அரைப்பேர்”. பேர் போடுபவர் கணக்கப்பிள்ளை. பேர் எழுதப்பட்டவர் அதனை வாசிக்க அறியாதவர்.

இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. விடியற் பிரட்டிலிருந்து மாலை வரை ஒரு பெண் மலையில் நின்றாள் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஏட்டிலே அவள் அரைநாள் மாத்திரமே நின்றவளாகிறாள். உண்மையில் நிகழ்ந்த நாள் ஒன்று. எழுதப்பட்ட நாள் வேறு. கூலி எழுதப்பட்ட நாளுக்கே உரியது. மலையக நாட்டார் பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வசைக்குரியோராக வருவதன் காரணம் இதிலிருந்து விளங்கும். சாட்டையின் அடி ஆறிவிடும். ஏட்டில் விழுந்த அரைக்கோடு அடுப்பை அணைத்துவிடும். இன்றைய கடையிலே கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்குப் பதிலாக மென்பொருள் வந்துள்ளது, கை மாறவில்லை.

கடிகாரத்தின் கட்சி

இது ஈழத்துக்கோ தமிழர்க்கோ மாத்திரம் உரிய நோயன்று. கைத்தொழிற் புரட்சியின் தாயகமான இங்கிலாந்திலே, 1832இல் பாராளுமன்றக் குழு முன்னிலையிற் சாட்சியமளித்த ஆலைத் தொழிலாளர், காலையிலே கடிகாரம் முன்தள்ளப்பட்டதையும் இரவிலே பின்தள்ளப்பட்டதையும் எடுத்துரைத்தனர். தொழிலாளர் கைக்கடிகாரம் கொண்டுவருவதைச் சில ஆலை முதலாளிகள் தடுத்தனர். நேரத்தை அறிவது முதலாளியின் தனியுரிமையாகக் கருதப்பட்டது. 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு ஓர் எளிய மாற்றுக் கண்டது. வேலைநேரம் ஆலைக் கடிகாரத்தினால் அன்றி, அண்மையிலுள்ள புகையிரத நிலையக் கடிகாரம் போன்றதொரு பொதுக் கடிகாரத்தினால் நிர்ணயிக்கப்பட வேண்டும் என அது விதித்தது. அளவுகோல் எவருடைய சொத்தாகவும் இருத்தலாகாது என்னும் கொள்கை அன்றே சட்டத்தில் ஏறிவிட்டது. உணவு வேளையிலிருந்தும் ஓய்வு வேளையிலிருந்தும் நிமிடங்கள் களவாடப்பட்ட விதத்தைத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளைக் கொண்டே கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த “மூலதன”த்திலே விரித்துரைத்தார்.

நேரத்தைப் பதியும் பொறி அமெரிக்காவிலே தோன்றியது. நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லாட் பண்டி என்பவர் 1890இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வழிவந்த நிறுவனமே பிற நிறுவனங்களுடன் இணைந்து ஐ.பி.எம். எனப் பெயர்பெற்றது. பொறி வந்தபின் பிணக்கு ஒழிந்ததா எனின், இல்லை. மிச்சிகன் மாநிலத்து மவுண்ட் கிளெமென்ஸ் மட்பாண்டத் தொழிற்சாலையிலே தொழிலாளர் நேரப் பொறியிலே அட்டையைக் குத்தினர். நிறுவனமோ அப்பதிவைக் கால்மணிக் கணக்காக மாற்றியே கூலியைக் கணித்தது. இவ்வழக்கிலே 1946இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக் குறிப்பிடத்தக்கது. பதிவைச் சரிவர வைத்திருக்கும் கடமை முதலாளிக்கே உரியது. அப்பதிவு பிழையானதாகவோ போதாததாகவோ இருப்பின், அதன் தீங்கைத் தொழிலாளியின் தலையிற் சுமத்தலாகாது. தொழிலாளி நியாயமான அளவுக்குத் தன் உழைப்பை எடுத்துக்காட்டினாற் போதும், அதனை மறுக்கும் பொறுப்பு முதலாளியையே சாரும் என்பது அதன் கருத்தாகும். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பேரவை புதிய சட்டமொன்றினால் அத்தகைய கூலிக் கோரிக்கைகளின் எல்லையைக் குறுக்கிற்று. ஆயினும் நிரூபிக்கும் பொறுப்புப் பற்றிய விதி நிலைத்துள்ளது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2019 மே மாதத்தில், நாளாந்த வேலைநேரத்தை அளக்கும் முறைமை புறவயமானதாகவும் நம்பகமானதாகவும் அணுகக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

பொறி பொய் சொல்லாதா?

“மனிதன் பொய் சொல்வான், பொறி பொய் சொல்லாது” என்பது இன்று வழங்கும் மந்திரம். பொறி செயற்படும் விதத்தை அறிந்தால் இம்மந்திரம் பலியாது. கைரேகைப் பொறி பதிவது ஓர் இலக்கத்தையும் ஒரு நேரத்தையும் மாத்திரமே. அப்பதிவு கணினிக்குச் சென்றபின் அங்குள்ள மென்பொருளே அதனைச் சம்பளக் கணக்காக மாற்றுகிறது. இவ்விரண்டுக்குமிடையில் மூன்று விதமான மாற்றங்கள் நிகழலாம். முதலாவது, பொறியின் பிழை: மின்தடையின்பின் கடிகாரம் பிசகலாம், மீன் செதிலாலும் உப்பு நீராலும் தேய்ந்த விரலைப் பொறி அடையாளங் காணாது போகலாம். இரண்டாவது, விதியின் செயல்: கால்மணிக்கு முழுமையாக்குதல், உணவு வேளையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கழித்தல், பிந்திய சில நிமிடங்களுக்கு அரைநாளை வெட்டுதல் என்பனவற்றை ஒருமுறை அமைத்துவிட்டால் மென்பொருள் அவற்றை ஓயாது செய்துகொண்டிருக்கும். மூன்றாவது, கையின் வேலை: கடவுச்சொல் உடையவர் எவரும் 7.55ஐ 8.10 ஆக்கலாம்.

இம்மூன்றும் தொழிலாளியின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். எது பிழை, எது விதி, எது திருட்டு என அவரால் வேறுபடுத்த இயலாது. வேறுபடுத்தக் கூடியவர் கடவுச்சொல்லை வைத்திருப்பவர் ஒருவரே. ஆகவே விளங்காத மாற்றத்தை விளக்கும் கடமை அவரையே சாரும் என்பது தர்க்கத்தின் முடிபு. முதலாளிகள் யாவரும் கள்வர் என்பது இங்கு வாதமன்று. நேர்மையான முதலாளியும் தன் நேர்மையைக் காட்ட இயலாதவாறு அமைந்த முறையே கண்டனத்துக்குரியது.

பொறியின் வாக்கை வேதவாக்காகக் கொண்டதன் விளைவைப் பிரித்தானிய அஞ்சலகம் உலகுக்குக் காட்டியது. 1999 முதல் அங்கு புகுத்தப்பட்ட ஹொரைசன் என்னும் கணினி முறைமை, கிராமத்துக் கடைகளோடு சேர்த்து உப அஞ்சலகங்களை நடத்திய சிறு வியாபாரிகளின் கணக்கிலே காரணமறியாப் பற்றாக்குறைகளைக் காட்டிற்று. 2015 வரை 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் குடியிருந்த வீட்டையும் இழந்தனர். அக்கணக்குகளைத் தூரத்திலிருந்து எவரும் மாற்ற முடியாது என்றே அஞ்சலகம் பல்லாண்டுகள் சாதித்தது. மாற்ற முடியும் என்பதை 2019 டிசெம்பரில் நீதிமன்றம் கண்டது. 2024இல் அத்தீர்ப்புகளை நீக்கத் தனிச்சட்டமே வேண்டியதாயிற்று. இங்கே பாதிக்கப்பட்டவர்கள் சிறு கடைக்காரர்கள் என்பதை மன்னார்க் கடைக்காரர் சிந்திக்க வேண்டும். தன்னிலும் வலியவன் கையில் தன் கணக்கு அகப்பட்டால் என்ன நேரும் என்பதை அறிந்தவர், தன்னிலும் எளியவரின் கணக்கைத் தன் கைக்குள் வைத்துப் பூட்டலாகாது.

இலங்கைச் சட்டம் இவ்விடயத்தில் எங்கே நிற்கிறது? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்து, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவை விதித்தது. வேலைநேரத்தைப் பதிந்து வைக்கும் கடமையையும் அது முதலாளிக்கே விதித்தது. மறுபுறம், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்னியற் பதிவின் உள்ளடக்கத்தை, மறுதலை நிரூபிக்கப்படும்வரை, உண்மையென அனுமானிக்குமாறு நீதிமன்றத்தைப் பணிக்கிறது. வங்கிக்கும் வணிகருக்குமிடையே இவ்வனுமானம் பொருந்தலாம். கடைச் சிப்பந்திக்கோ இது கைவிலங்கு. மறுதலையை நிரூபிப்பதற்கு வேண்டிய சான்று யாவும் பூட்டிய அறையிலுள்ள அதே கணினியில் இருக்க, திறப்பில்லாதவரை நோக்கி “நிரூபி” என்பது எவ்வகை நீதி?

மறுப்புரைகள்

சிறு வியாபாரம் இத்தகைய ஒழுங்குகளைத் தாங்காது என்பர் ஒரு சாரார். பொறி வாங்கப் பணமிருந்தது; மாற்றத்துக்குக் காரணம் எழுத ஒரு வரிக்கு இடமில்லையா? கடன்காரரின் கொப்பியிலே தொகை பிழைத்தால், பழைய தொகை தெரியுமாறு ஒரு கோடிட்டு வெட்டி, அருகே புதியதை எழுதி ஒப்பமிடுவது ஒழுங்கான எந்தக் கணக்காளரும் அறிந்த முறை. சுரண்டி அழித்த கணக்கை எந்த வியாபாரியும் ஏற்கமாட்டார். தன் பணத்துக்கு வேண்டும் ஒழுங்கு பிறர் உழைப்புக்கு வேண்டாம் என்பது ஒழுங்கின் மீதுள்ள வெறுப்பன்று. உழைப்பின் மீதுள்ள அலட்சியம்.

தொழிலாளரும் ஏமாற்றுகின்றனர், ஒருவருக்காக மற்றவர் பதிகின்றனர் என்பது பிறிதொரு வாதம். மெய்தான், அத்தகையோரும் உளர். அவ்வாறாயின் அழிக்க முடியாத பதிவும் காரணங் காட்டிய திருத்தமும் முதலாளிக்கே முதல் அரணாகும். ஏமாற்றை வெளிப்படுத்தும் வழி திருத்தத்தை வெளிப்படையாகச் செய்தலே. மறைவாகச் செய்த திருத்தம் ஏமாற்றுக்கு எதிரேமாற்றாகவே முடியும்.

“இங்கே எல்லாரும் ஒரு குடும்பம்” என்பது மூன்றாவது வாதம். இதுவே மிக இனிமையானதும் மிக ஆபத்தானதுமாகும். “தங்கச்சி”, “தம்பி” என அழைக்கும் முதலாளியிடம் கணக்குக் கேட்பது நன்றிகேடாகக் காட்டப்படுகிறது. போரினாலும் இடப்பெயர்வினாலும் நொந்துபோன ஒரு மாவட்டத்திலே, வேலை கிடைத்ததே பெரிது என்னும் மனநிலை இக்குரலுக்குத் துணைநிற்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்றே தமிழ் மக்கள் சொல்லிவந்தனர். உறவு மெய்யாயின் அது கணக்கைக் கண்டு அஞ்சாது.

வேண்டுவன

2025 ஆகஸ்டிலே இலங்கை அஞ்சல் ஊழியர் பணிப்புறக்கணிப்பில் இறங்கியபொழுது மேலதிகநேரக் கொடுப்பனவும் கைரேகைப் பதிவும் பிணக்கின் நடுவே நின்றன. அக்கோரிக்கைகளின் நியாய அநியாயம் எவ்வாறாயினும், அரச ஊழியருக்குக் கேள்வி எழுப்பச் சங்கமாவது உண்டு. நான்கு பேர் வேலைசெய்யும் கடைக்குச் சங்கமில்லை. ஆகவே அங்கு சட்டமே சங்கமாதல் வேண்டும்.

வேண்டுவன பெரியனவல்ல. விரல் வைத்த முதற்பதிவு எக்காரணங் கொண்டும் அழிக்கப்படலாகாது. திருத்தம் வேண்டின், மாற்றியவர் பெயரும் நாளும் காரணமும் கூடிய புதிய வரியாக அது அமைதல் வேண்டும். நிமிடங்களை முழுமையாக்கும் விதிகளும் கழிவு விதிகளும் தமிழிலும் சிங்களத்திலும் கடைச் சுவரில் எழுதப்பட வேண்டும். வாரந்தோறும் பதிவின் பிரதி தொழிலாளியின் கைக்குச் சேர வேண்டும். காரணங் காட்டப்படாத மாற்றம் எதுவும் தொழிலாளிக்குச் சாதகமாகவே கொள்ளப்படும் எனச் சட்டம் திருத்தப்பட வேண்டும். இவையெல்லாம் நிறைவேறும்வரை, ஒவ்வொரு தொழிலாளியும் தன் கொப்பியொன்றிலே தான் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் அன்றன்றே குறித்துவர வேண்டும். மவுண்ட் கிளெமென்ஸ் தீர்ப்பின் பாடம் அதுவே: எளிய கையெழுத்துக் குறிப்பும், விளக்கமற்ற பொறிக் கணக்கின் எதிரே சான்றாக நிற்கவல்லது.

பல்கலைக்கழகத்தில் உள்ளோர் இதனைத் தமக்கு அப்பாற்பட்டதென எண்ணலாகாது. விரிவுரை வரவு நூற்றுக்கு எண்பதுக்குக் குறைந்தாற் பரீட்சை எழுத முடியாது என்னும் விதியை அறிந்த மாணவர், தான் ஒப்பமிட்ட நாளொன்று வரவேட்டிலே காரணமின்றி மறைந்திருக்கக் கண்டால் அமைதியாக இருப்பாரா? பதிவாளர் அலுவலகத்தின் கதவைத் தட்டாத மாணவர் எவருமிரார். அதே மாணவரின் தமக்கை, அவரது படிப்புச் செலவுக்காகவே மன்னாரிலோ முருங்கனிலோ கடையொன்றிலே நின்று, மாதந்தோறும் ஆறு மணிநேரத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கலாம். அவள் தட்டுவதற்குக் கதவு எங்கே?

மரிச்சுக்கட்டிக் கரையிலே எழுத்தறியாக் குளியாளன் மூன்று குவியல்களையும் தன் கையாற் பிரித்து, தன் கண்ணாற் கண்டு, தன் பங்கைத் தூக்கிச் சென்றான். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், எழுத்தறிந்த அவன் வழித்தோன்றல் தன் பங்கின் அளவைக் காண இயலாது நிற்கிறாள். கணக்கைத் தொழிலாளியின் கண்முன் கொண்டுவராத எந்தப் பொறியும், எத்துணைப் புதியதாயினும், பழைய கணக்கப்பிள்ளையின் பென்சிலே.